தொண்டியா, மதுரையா, பரங்கிப்பேட்டையா?

விலங்கியலோ தாவரவியலோ பி.எஸ்சி. முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில், இராமநாதபுரம் கடலோரம் முழுக்க, மே மாதம் வந்தால் இந்தப் பேச்சுதான். கடல்சார் மேற்படிப்புக்கு அழகப்பாவா, மதுரை காமராசரா, அண்ணாமலையா? மூன்றும் அரசுப் பல்கலைக்கழகங்கள்தான். ஆனால் பெயரைப் பார்க்காமல், எந்தக் கடலில் இறங்கி வேலை செய்யப் போகிறோம் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அழகப்பா 1985-இல் காரைக்குடியில் தொடங்கியது. அதன் கடலியல், கடலோர ஆய்வுத் துறை இருப்பது தொண்டியில். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, உப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் போதும். எதிரே பாக் விரிகுடா: ஆழம் குறைந்த கடல், கடற்புல் படுகைகள், அதை மேய வரும் ஆவுளியா என்னும் கடல்பசு. அப்பா வலை வீசும் கடலையே மகள் ஆராயலாம். எந்த மாதம் எந்தக் காற்று, நண்டு எப்போது கரையேறும், முன்பு கிடைத்த எந்த மீன் இப்போது வலையில் விழுவதில்லை என்றெல்லாம் சொல்ல வீட்டிலேயே ஆள் உண்டு. அந்த அறிவு ஆய்வேட்டில் ஏற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். மீனவக் குடும்பத்திலிருந்து முதன்முதலாக மேற்படிப்புக்குப் போகிற பெண்ணுக்கு நான் சொல்வது தொண்டிதான்.

குறையும் உண்டு. பல துறைப் பிள்ளைகள் கலந்து பழகும் வளாக வாழ்க்கை காரைக்குடியில்தான். தொண்டியில் அது கிடைக்காது. வேதியியல் படிப்பவர்கள் காரைக்குடிக்கே போகலாம். வள்ளல் அழகப்பர் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அதே ஊரில் 1953 முதல் இயங்குகிறது.

மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் பிறந்தது; காமராசர் பெயர் பின்னால் சேர்ந்தது. தேனி சாலையில், நாகமலைப் பக்கம் பரந்த வளாகம். உயிரியல் துறைகளுக்கு நல்ல பெயர். கடலுக்கும் மதுரைக்கும் வெகுதூரம் என்றாலும், மன்னார் வளைகுடா ஓரம் நம்ம புதுமடத்தில் அதற்கு ஒரு கடல் ஆய்வுக்கூடம் உண்டு. பவளப்பாறை, பாசி பற்றி ஆராய நினைத்தால் இந்தப் பக்கம்தான் வசதி. தமிழோ நாட்டார் வழக்காறோ படிக்கும் பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம், மதுரைதான். அழகர்கோயிலைப் பற்றி பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் முனைவர் பட்ட ஆய்வு செய்தது இங்கேதான். அவர் இளையான்குடிக் கல்லூரியிலும் பாடம் நடத்தியவர், நமக்கு அந்நியரல்ல.

அண்ணாமலை மூன்றிலும் மூத்தது, 1929. நெடுஞ்செழியனும் க. அன்பழகனும் தமிழ் படித்த இடம். அதன் கடல் உயிரியல் மையம் சிதம்பரத்துக்குப் பக்கத்தில், வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. கடல் உயிரியலில் இந்த மூன்றில் பழுத்த அனுபவம் அதற்குத்தான். பிச்சாவரம் சதுப்புநிலக் காடும் அருகில். முனைவர் பட்டம் வரை போவதென்று உறுதியாக இருப்பவர்கள் தூரத்தைப் பார்க்காமல் அங்கே போகலாம். அப்துல் கலாம் இராமேசுவரத்திலிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும் போய்ப் படித்த காலத்தில் மதுரையிலும் காரைக்குடியிலும் பல்கலைக்கழகமே கிடையாது. இன்று தூரம் போவது நாமே தேர்ந்தெடுப்பது.

சரி, பணம் கட்டும் முன் துறைக்கு நேரில் போய்ப் பாருங்கள். கடலுக்குள் மாதிரி எடுக்கப் படகு ஏற்பாடு உண்டா, செலவு யாருடையது? வழிகாட்டியிடம் ஏற்கெனவே எத்தனை ஆய்வு மாணவர்கள்? உதவித்தொகை எப்போது கைக்கு வரும்? பெண் பிள்ளை என்றால் இன்னொன்று: இருட்டிய பிறகும் ஆய்வகத்தில் வேலை இருந்தால் விடுதிக்குத் திரும்ப வண்டி உண்டா? இதை அலுவலகத்தில் கேட்பதைவிட அங்கே படிக்கும் அக்காமாரிடம் கேளுங்கள், உள்ளது உள்ளபடி சொல்வார்கள்.