அக்ரிலிக் தொட்டிக் கீறலுக்கு ஒரு தேய்ப்பு கிட்: கை வலிக்கும், ஆனால் கீறல் போகும்

அக்ரிலிக் மீன்தொட்டி வைத்திருந்தால் இன்றைக்கோ நாளைக்கோ கீறல் விழத்தான் போகிறது. பாசி தேய்க்கிற காந்தத்துக்கு அடியில் ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், ஒரே இழுப்பில் நீளமாகக் கோடு. நல்லவேளையாக அதைத் தேய்த்தே எடுத்துவிடலாம், கண்ணாடித் தொட்டியில் அது அவ்வளவு எளிதில்லை. அதற்காக வாங்கியதுதான் இந்த கிட். துணி ஒட்டிய தேய்ப்புத் தாள்கள் 1500-இல் தொடங்கி 12000 வரை (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்), பிடித்துத் தேய்க்க ஒரு ஃபோம் கட்டை. விமானங்களின் அக்ரிலிக் ஜன்னலைச் சரிசெய்யப் பயன்படுத்தும் அதே வகைத் தாள்.

எண்ணைப் பார்த்து, பெயின்ட் வேலைக்கு வாங்கும் 1500 உப்புத்தாளும் இதுவும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். அளவுமுறையே வேறு, இந்த 1500 அதைவிட நல்ல சொரசொரப்பு. நகம் வைத்து இழுத்தால் தட்டாத லேசான கோட்டுக்கு இந்த 1500-ஐத் தொடவே வேண்டாம், நடு எண்ணில் ஆரம்பித்தால் பாதி உழைப்பு மிச்சம்.

சொரசொரப்பான தாளில் தேய்த்ததும் அந்த இடம் முழுக்க வெளுத்து மங்கிவிடும், பார்த்தால் வயிற்றைக் கலக்கும். அங்கேதான் பொறுமை வேண்டும். ஒரு தாளைக் குறுக்காகத் தேய்த்தால் அடுத்ததை நெடுக்காக, முந்தைய தாளின் கோடுகள் ஒன்றுகூட மிஞ்சாமல் போகும் வரை, எப்போதும் ஈரத்தோடு. காய்ந்தபடி தேய்த்தால் சூட்டில் அக்ரிலிக் இளகித் தாளை அடைத்துக்கொள்ளும். நடுவில் ஒரு எண்ணைத் தாண்டினால் கடைசியில் மங்கல் அப்படியே நிற்கும், 12000 தாளால் அதை ஒன்றும் செய்ய முடியாது. கீறலை மட்டும் குறிவைத்துத் தேய்க்கவும் கூடாது, அங்கே குழி விழுந்து அந்தப் பக்கம் வரும் மீன் நெளிந்து தெரியும். நாலு பக்கமும் தாராளமாகப் பரப்பித் தேய்க்க வேண்டும், தோள்பட்டை வலி இதில்தான்.

உள்பக்கக் கீறலா? தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் பாருங்கள். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) 1.49, தண்ணீருக்கு 1.33, இரண்டும் ஓரளவு நெருக்கம் என்பதால் சின்னக் கீறல்கள் தண்ணீருக்குள் பெரும்பாலும் கண்ணுக்கே படாது. வெளிப்பக்கம் காற்று, அதனால் அங்கே எல்லாம் பளிச்சென்று தெரியும். அப்படியும் உறுத்தினால் மீன் இருக்கும்போதே தண்ணீருக்குள் இந்தத் தாளால் தேய்க்கலாம். ஆனால் பாலிஷ் திரவம் எதுவும் உள்ளே போகக் கூடாது, பாலிஷ் பட்ட தாளும் துணியும்கூட. வெளியே முடிக்கும்போது நோவஸ் 2 மாதிரி பிளாஸ்டிக் பாலிஷ் போட்டால் பளபளப்பு கூடும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் மட்டும் கிட்டவே வரக் கூடாது, அக்ரிலிக்கில் மெல்லிய விரிசல்கள் ஓடிவிடும்.

குறை என்றால் ஒன்றுதான். எல்லா எண்ணிலும் ஒரே ஒரு தாள் தருகிறார்கள். சொரசொரப்பானவைதான் முதலில் மழுங்குகின்றன, பெரிய தொட்டிக்கு அவை போதாது. வாங்குவதாக இருந்தால் முதல் இரண்டு எண்களில் உதிரித் தாள் கிடைக்குமா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், பாதி வெளுத்த தொட்டியோடு கூரியருக்குக் காத்திருப்பது எரிச்சலான வேலை.