விலை கொடுத்த மின்நூல் யாருடையது: சில ஆண்டுகளின் பயன்பாட்டு அனுபவம்

மின்மை (இ-இங்க்) திரை கொண்ட வாசிப்புக் கருவியொன்றை ஏழெட்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதோடு கைபேசிச் செயலிகள் சிலவற்றிலும் தமிழ் மின்நூல்களை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். கருவியின் திரை, மின்கலம், எடை ஆகியவற்றைப் பற்றிய மதிப்புரைகள் தமிழிலேயே போதுமான அளவு கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் வாங்கிய முதல் மாதத்தில் எழுதப்படுபவை. பணம் கொடுத்த நூல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியோ முதல் மாதத்தில் எழுவதில்லை. ஆகவே இந்தப் பகிர்வு அந்த ஒரு கேள்வியோடு நின்றுகொள்கிறது. என் கருவியின் நிறுவனத்தையும் நான் வாங்கிய கடைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடப் போவதில்லை, ஏனெனில் விதிமுறைகளைப் பொறுத்தவரை அவற்றிடையே பெரிய வேறுபாடு கிடையாது.

நன்மைகளை முதலில் சொல்லிவிடுவதே நியாயம். சென்னைக்கு வெளியே, நடுத்தர அளவுள்ள ஊரில் வசிக்கும் ஒருவனுக்குச் சிறு பதிப்பகங்களின் நூல்கள் கைக்கு வருவதென்றால் ஒன்று ஆண்டுக்கொருமுறை புத்தகக் கண்காட்சிக்குப் போக வேண்டும், இல்லையேல் அஞ்சலை நம்பிக் காத்திருக்க வேண்டும். 2016 டிசம்பரில் அமேசான் கிண்டில் என்ற தன் மின்நூல் கடையில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் நூல்களை விற்கத் தொடங்கியதிலிருந்து அந்த நிலை மாறியது. இரவு பத்து மணிக்கு ஒரு நூலைப் பற்றிக் கேள்விப்பட்டு, பத்தரைக்குள் அதன் முதல் அத்தியாயத்தை முடித்துவிட முடிகிறது. பார்வை மங்கிவந்த என் தாயார், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிகிறது என்ற ஒரே காரணத்துக்காக, கைவிட்டிருந்த வாசிப்பை மீண்டும் தொடங்கினார். ஐந்து பாகம் கொண்ட சரித்திர நாவலைப் படுத்தபடி படிக்க அச்சு நூலில் வழியே இல்லை. இவை எதுவும் இன்றுவரை குறையவில்லை.

குறை வேறிடத்திலிருந்து வந்தது. தமிழ் நூல்களுக்காகவே நான் பயன்படுத்திவந்த கைபேசிச் செயலி ஒன்று, ஓரிரு மின்னஞ்சல் அறிவிப்புகளுக்குப் பிறகு தன் சேவையை முடித்துக்கொண்டது. அதில் வாங்கியிருந்த நாவல்களும் கட்டுரைத் தொகுப்புகளும் செயலிக்குள் மட்டுமே திறக்கும் வகையில் பூட்டப்பட்டிருந்தன. செயலி நின்றபோது நூல்களும் நின்றன, பணம் திரும்பவில்லை, விதிமுறைகளைப் படித்துப் பார்த்தபோது திரும்ப வேண்டிய கட்டாயமும் அதில் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒரு பழைய புத்தகக் கடை மூடப்பட்டால் அதில் முன்பு வாங்கிய நூல்கள் நம் அலமாரியிலிருந்து மறைவதில்லை. மின்நூலில் அது மறைகிறது, அதுவும் ஒப்பந்தப்படி முறையாகவே மறைகிறது.

இது தனிப்பட்ட ஒரு செயலியின் கதை மட்டுமல்ல. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019 ஏப்ரலில் தன் மின்நூல் கடையை மூடுவதாக அறிவித்து, அவ்வாண்டு ஜூலையிலிருந்து விற்ற நூல்களைத் திறக்க முடியாமல் செய்தது. அது முழுத்தொகையையும் திருப்பிக் கொடுத்தது என்பதையும், நூல்களில் குறிப்பு எழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வரவு வைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஓரங்களில் எழுதிய குறிப்புகளுக்கு 25 டாலர் என்ற அந்த மதிப்பீட்டை நான் இன்றும் வியப்போடு நினைத்துப் பார்ப்பதுண்டு.

2009 ஜூலையில் அமேசான் ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்களை வாசகர்களின் கருவிகளிலிருந்தே நீக்கியதை இவ்விவாதத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அவற்றைக் கடையில் பதிவேற்றியவருக்கு அமெரிக்காவில் உரிமை இல்லை என்பதே காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது, நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஆர்வெல் 1950இல் மறைந்தவர். எழுத்தாளர் மறைந்த பின் 60 ஆண்டுகள் என்ற இந்தியக் கணக்கின்படி அவருடைய நூல்கள் 2011 தொடக்கத்திலேயே உரிமைக் காலம் முடிந்து இங்கே பொதுவெளிக்கு வந்துவிட்டன. அமெரிக்காவில் அந்த நாவல்களுக்கு இன்னும் உரிமை நீடிக்கிறது. ஒரே நூல் ஒரு நாட்டில் எல்லோருடையதாகவும் மற்றொரு நாட்டில் ஒருவருடையதாகவும் இருக்கையில், எந்த நாட்டுக் கணக்கைப் பின்பற்றி நம் கருவியிலுள்ள நூலைக் கடை கையாளும் என்பது வாசகன் தீர்மானிக்கும் விஷயமாக இல்லை.

சட்டத்தைப் படித்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது: இந்தியச் சட்டம் கடைகளின் விதிமுறைகளைவிட வாசகனிடம் இரக்கமாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, டிஜிட்டல் பூட்டை உடைப்பதை இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் அது குற்றம். சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகச் செய்தால் இப்பிரிவு பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அதோடு, அப்படிப்பட்ட காரியத்துக்காக இன்னொருவருக்குப் பூட்டைத் திறக்க உதவுபவர், உதவி பெற்றவரின் பெயர், முகவரி உள்ளிட்ட விவரங்களைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டுமாம். சாவி செய்து கொடுப்பவரிடம் பதிவேடு கேட்பது போன்ற இந்த நிபந்தனையை நடைமுறையில் யாராவது பின்பற்றுகிறார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவல் உண்டு. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு மாறாகப் பூட்டை உடைப்பதையே பொதுவாகத் தடை செய்துவிட்டு, மூன்றாண்டுக்கொருமுறை சில விலக்குகளை அறிவித்து வருகிறது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலை இந்தியச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிப்பதையும் சேர்த்துப் பார்த்தால், பணம் கொடுத்து வாங்கிய நூலுக்கு ஒரு காப்புப் படி வைத்துக்கொள்ளும் இந்திய வாசகனைக் குற்றவாளியாக்குவது நாடாளுமன்றத்தின் எண்ணமாக இருந்திருக்க முடியாது என்பது என் புரிதல். நான் வழக்கறிஞர் அல்லன். கடையின் ஒப்பந்தம் அதைத் தடுக்கக்கூடும், மீறினால் கணக்கை முடக்கவும் கூடும் என்பதையும் மறுக்கவில்லை.

வாங்கியதை மறுபடி விற்க முடியுமா என்ற கேள்வி ஐரோப்பாவில் நீதிமன்றம் வரை சென்றது. நெதர்லாந்தில் டாம் காபினெட் என்ற நிறுவனம் பழைய மின்நூல்களை வாங்கி விற்க முனைந்தபோது, ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 டிசம்பரில் அது உரிமையாளரின் அனுமதி தேவைப்படும் செயல் என்று தீர்ப்பளித்தது. மின்நூல் பழசாவதில்லை, எனவே இரண்டாங்கைச் சந்தை புதிய நூலின் விற்பனையை அப்படியே விழுங்கிவிடும் என்ற வாதத்தில் நியாயம் இருப்பதை நான் ஏற்கிறேன். நம் வரி அமைப்பும் இதே பார்வையைக் கொண்டிருக்கிறது: அச்சு நூல் ஒரு பொருள், அதற்கு ஜிஎஸ்டி இல்லை, மின்நூலோ இணையவழிச் சேவை, அதற்கு வரி உண்டு. அச்சிலும் வந்த நூல்களின் மின்பதிப்புக்கு 18 விழுக்காடாக இருந்த வரி 2018 ஜூலையில் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சேவை என்றே விற்று, சேவை என்றே வரி வாங்கி, சேவைக்குரிய குறைந்த விலையையும் வைத்தால் எனக்குப் புகார் இல்லை. அச்சு நூலின் விலையில் முக்கால் பங்கை வாங்கிக்கொண்டு நூலகச் சந்தா அளவுக்கான உரிமையைக் கொடுப்பதுதான் உறுத்துகிறது. கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி 1 முதல், கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்று டிஜிட்டல் கடைகளைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. அத்தகைய அறிவிப்பு இங்கேயும் வந்தால் பலர் தங்கள் வாங்கும் முறையை மாற்றிக்கொள்வார்கள்.

இந்தப் பூட்டுகளுக்கெல்லாம் சொல்லப்படும் நியாயம் திருட்டுப் பிரதி. தமிழில் அது உண்மையான, கொடுமையான சிக்கல். சில நூறு படிகள் மட்டுமே அச்சிடப்படும் ஒரு கவிதைத் தொகுப்போ ஆய்வு நூலோ வெளிவந்த சில வாரங்களில் பீடிஎஃப் ஆக வாட்ஸ்அப் குழுக்களிலும் டெலிகிராமிலும் சுற்றத் தொடங்குகிறது. அனுப்புபவர் தமிழ்த் தொண்டு செய்வதாகவே நம்புகிறார். அடுத்த பதிப்பு வராமல் போவதற்குத் தாமும் ஒரு காரணம் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. எனக்கும் இப்படிப்பட்ட கோப்புகள் தொடர்ந்து வருகின்றன. அவற்றைத் திறந்து பார்த்தால் ஒன்று விளங்கும்: என் கண்ணில் பட்டவற்றில் பெரும்பாலானவை அச்சு நூலைப் பிரித்து வைத்து வருடி (ஸ்கேன் செய்து) எடுத்தவை. பக்கம் சாய்ந்திருக்கும், மூலையில் யாருடைய கட்டைவிரலோ தெரியும், சில கோப்புகளில் ஏதோ ஒரு கிளை நூலகத்தின் முத்திரைகூட இருக்கும். மின்நூலின் பூட்டை உடைத்து எடுக்கப்பட்டவை அரிது. திருடுகிறவர் பூட்டின் பக்கமே வருவதில்லை என்னும்போது, அந்தப் பூட்டு நாள்தோறும் தடுப்பது பணம் கொடுத்தவரை மட்டுமே: நான் படித்து முடித்த நாவலை அக்காள் மகளுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் கருவியையே கொடுத்தனுப்ப வேண்டியிருக்கிறது, கட்டுரைக்காகக் குறித்துவைத்த பகுதிகளை எடுத்தால் ஓர் அளவுக்கு மேல் படியெடுக்க முடியாது என்று செய்தி வருகிறது, கணக்கு என் பெயரில் இருப்பதால், எனக்குப் பின் என் பிள்ளைகளுக்கு அந்த அலமாரியில் ஒப்பந்தப்படி ஓர் உரிமையும் இல்லை.

அச்சில் இல்லாத நூல்களை இதே தட்டில் வைத்து எடை போட எனக்கு மனம் வரவில்லை. பதிப்பகமும் இல்லை, எழுத்தாளரின் வாரிசு யாரென்றும் தெரியவில்லை என்ற நிலையில் ஆயிரக்கணக்கான தமிழ் நூல்கள் கிடக்கின்றன. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நூலை வெளியிடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஏ பிரிவு கட்டாய உரிமம் பெறும் வழியைத் தருகிறது. அதற்கு விண்ணப்பிப்பவர் முதலில் நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஓர் ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கோ இருக்கும் ஒரு பேரப்பிள்ளையைத் தேட ஆங்கில நாளிதழ் என்ன செய்யும் என்று சட்டத்தை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் நாட்டுடைமை என்ற தமிழ்நாட்டு வழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். 1949இல் பாரதியின் படைப்புகளிலிருந்து தொடங்கிய அந்த மரபில், அரசு குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு எழுத்தை எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. 1954இல் மறைந்த கல்கியின் எழுத்துகள் 60 ஆண்டுக் கணக்குப்படி 2015இல்தான் பொதுவெளிக்கு வந்திருக்க வேண்டும். நாட்டுடைமையால் அவை முன்பே வந்தன. என் கருவியில் இன்று அச்சமின்றி வைத்திருக்கும் நூல்களில் பெரும்பகுதி இந்த வழியில் திறக்கப்பட்டவையே.

அவற்றில் பல மதுரைத் திட்டத்திலிருந்து இறக்கியவை. 1998 பொங்கலன்று தொடங்கிய, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் அந்தத் தன்னார்வ முயற்சி, தொடக்க ஆண்டுகளில் நூல்களைத் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறிமுறையில் வெளியிட்டது. பின்னர் யுனிகோடு வந்தபோது, அந்தக் கோப்புகள் புதிய குறிமுறைக்கு மாற்றப்பட்டன. கோப்பில் பூட்டு இல்லாததால்தான் அதைச் செய்ய முடிந்தது. அன்றைக்கு எவரேனும் ஒரு நிறுவனம் தமிழ் நூல்களைப் பூட்டிய வடிவில் விற்றிருந்தால், அந்த எழுத்துருவும் மென்பொருளும் வழக்கொழிந்தபோது நூல்களும் படிக்க இயலாதவையாகியிருக்கும். இருபதாண்டு கடந்தும் ஒரு தமிழ்க் கோப்பு உயிரோடு இருப்பதற்குப் பிறர் அதைத் தொட்டு மாற்ற முடிவதே காரணம் என்பதை நான் இதிலிருந்துதான் உணர்ந்தேன். 2025 பிப்ரவரி 26 முதல் அமேசான், வாங்கிய கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை நிறுத்தியபோது, உலகெங்கும் வாசகர்கள் அவசரமாகத் தங்கள் நூல்களை இறக்கிவைத்ததற்கும் நூல்கள் கைவிட்டுப் போகும் என்ற அச்சமே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இப்போது என் வாங்கும் முறை மாறிவிட்டது. ஒருமுறை படித்துவிட்டு மறக்கக்கூடிய துப்பறியும் கதை, நடப்பு அரசியல் நூல் ஆகியவற்றைப் பூட்டிய மின்நூலாக, விலை குறைந்திருக்கும்போது வாங்குகிறேன். அதை வாடகை என்றே கணக்கு வைக்கிறேன். மீண்டும் மீண்டும் திருப்பிப் பார்க்க வேண்டிய ஆய்வு நூல்களையும் எனக்குப் பிடித்த எழுத்தாளர்களையும் அச்சில் வாங்குகிறேன். எழுத்தாளரே பூட்டில்லாமல் இபப் (EPUB என்ற பொது மின்நூல் வடிவம்) கோப்பாக விற்றால், மின்பதிப்புக்கு வழக்கமாகக் கொடுப்பதைவிடக் கூடுதலாகவும் கொடுத்து வாங்குகிறேன். பலருக்குத் தெரியாத செய்தி என்னவெனில், கிண்டிலில் தாமே நூல் வெளியிடுபவருக்கு இந்தப் பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்புப் பதிவேற்றும் படிவத்திலேயே உண்டு. கேட்டால் பல எழுத்தாளர்கள் அதைக் கவனித்ததே இல்லை என்கிறார்கள். டோர் என்ற ஆங்கில அறிவியல் புனைகதைப் பதிப்பகம் 2012இலேயே தன் மின்நூல்களின் பூட்டை எடுத்துவிட்டு இன்றும் தொழில் நடத்துகிறது. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் வாங்குபவரை அடையாளம் காட்டும் குறியைக் கோப்புக்குள் பதித்துக் கொடுக்கும் முறை பரவலாக உள்ளது. குழுவில் பகிர நினைப்பவரைத் தயங்க வைக்க அது போதும், அக்காள் மகளுக்குக் கொடுப்பவரை அது தடுப்பதும் இல்லை.

கருவியைப் புதிதாக வாங்க எண்ணுபவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: வாசிப்புக்காக என்றால் தயங்காமல் வாங்கலாம்; வெளியிலிருந்து கொண்டுவரும் இபப் கோப்புகளைக் கருவி நேரடியாகத் திறக்கிறதா, கடையில் கணக்கு இல்லாமலும் அது இயங்குமா என்ற இரண்டையும் விற்பனையாளரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். என் கருவியின் மின்கலம் தளர்ந்து வருகிறது, அடுத்ததை நானும் இவ்விரு கேள்விகளைக் கேட்டுத்தான் தேர்ந்தெடுப்பேன்.