சோனி ஹெட்போன்: சிஎச்720என்னா, எக்ஸ்எம்5ஆ?

பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் தினமும் வேகும் நண்பர்கள் இருவர் இதையே கேட்டார்கள்.

விலை: சிஎச்720என் 10,000 ரூபாயை ஒட்டி. எக்ஸ்எம்5 அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

எடை: சிஎச்720என் 192 கிராம், எக்ஸ்எம்5 250 கிராம்.

பேட்டரி: இரைச்சல் நீக்கத்தோடு (வெளிச்சத்தத்தை அடக்கும் வசதி) அதே வரிசையில் 35 மணி நேரம், 30 மணி நேரம். சரி, இதுவரை மலிவானதே முன்னால்.

இரைச்சல்: கொடுத்த காசு இங்கேதான் தெரிகிறது. பஸ் எஞ்சின் உறுமலை இரண்டுமே அடக்கிவிடும், ஆனால் பக்கத்து சீட்டுக்காரர் போனில் வாடகைச் சண்டை போட்டால் (பெங்களூரில் வேறென்ன சண்டை!) எக்ஸ்எம்5தான் காப்பாற்றும், மனிதக் குரலை மட்டுப்படுத்துவது எஞ்சினை அடக்குவதைவிடக் கடினம்.

எடுத்துச் செல்லும் உறை: எக்ஸ்எம்5க்கு உண்டு, மற்றதற்கு இல்லை.

வீட்டிலிருந்தே வேலை என்றால் சிஎச்720என் போதும். தினமும் பஸ் என்றால் எக்ஸ்எம்5, அதுவும் தள்ளுபடி வரும்வரை பொறுத்து.