படிவம் 8-க்கு நாலு மார்க், 6ஏ-வுக்கு ஒன்று

மதுரையை அடுத்த கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரருக்கும், சிங்கப்பூரில் இருக்கும் மேலூர்க்காரருக்கும் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளம் ஒன்றுதான். கிடைக்கிற சேவைதான் வேறு வேறு.

ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் முகவரி மாற்றத்துக்கு நிரப்பும் படிவம் 8 உருப்படியானது. 2022 ஆகஸ்ட் முதல் தொகுதி விட்டுத் தொகுதி மாறுவதும் இதற்குள் வந்துவிட்டது. மொபைல் எண்ணுக்கு ஓடிபி வந்ததும் பழைய வாக்காளர் அட்டை எண்ணைப் போட்டு, 'குடியிருப்பு மாற்றம்', 'தொகுதிக்கு வெளியே' என்று தேர்ந்தெடுத்து, முகவரிச் சான்றை ஏற்ற வேண்டும். பழைய ஊரில் பெயரை நீக்கத் தனி மனு வேண்டாம். கப்பலூர் திருமங்கலம் சட்டமன்றத் தொகுதி, மக்களவைக்கு விருதுநகர். ஊர் மதுரைதானே என்று நகரத் தொகுதியைத் தொட்டுவிடக் கூடாது.

பலரும் சறுக்குவது, புதிதாகச் சேர்வதாக நினைத்துப் படிவம் 6-ஐ நிரப்பும்போதுதான். வேறெங்கும் பெயர் இல்லை என்ற உறுதிமொழி அதில் உண்டு. தெரிந்தே பொய் சொன்னால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 31-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை.

அடுத்த சிக்கல் சான்று. வாடகை ஒப்பந்தம் என்றால் பதிவு செய்ததாக இருக்க வேண்டும். பதினோரு மாத அக்ரிமென்டை இங்கே யார் பதிவு செய்கிறார்கள்? வங்கி பாஸ்புக்கில் முகவரியை மாற்றிக்கொள்வதே சுலபம். அதுவும் இல்லையென்றால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) நேரில் வந்து பார்த்தாக வேண்டும். நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறவர் கதவைத் திறக்காவிட்டால் மனு அப்படியே கிடக்கும். பெயர் தமிழில் தானாக விழும்போது எழுத்து மாறும்; சமர்ப்பிக்குமுன் திருத்திவிடுங்கள்.

வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் பெயர் சேர்க்கும் படிவம் 6ஏ, மேலூர்க்காரருக்கானது, ஏமாற்றம். பாஸ்போர்ட்டில் புகைப்படம், இந்திய முகவரி, விசா உள்ள பக்கங்களை ஏற்றிப் பெயரைச் சேர்க்கலாம். ஓட்டுப் போட அசல் பாஸ்போர்ட்டோடு ஊருக்கே வரவேண்டும், விமானச் செலவு அவருடையது. 2019-இல் அப்படி வந்து வாக்களித்த சுமார் 25,000 பேரில் ஏறக்குறைய எல்லோருமே கேரளத்தார். அங்கே முஸ்லிம் லீக்குக்கு வளைகுடாவில் கே.எம்.சி.சி. என்ற சார்பு அமைப்பு இருக்கிறது, ஆளைத் திரட்ட அமைப்பு இருந்தால்தான் 6ஏ ஓட்டாக மாறும்.

உள்நாட்டுக்காரருக்கு இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க, 72 தொகுதிகளைக் கையாளும் இயந்திரத்தை 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட ஏற்பாடானது. எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை, அதோடு நின்றது. ஆகவே படிவம் 8 போடாதவரை அந்தத் தொழிலாளியின் ஓட்டு ஒடிசாக் கட்சிகளின் கவலை. போட்டுவிட்டால் இங்குள்ளவர்களின் கணக்கு. உள்ளாட்சிப் பட்டியலும் சட்டமன்றப் பட்டியலிலிருந்தே எடுக்கப்படுவதால் மதுரை மாநகராட்சிக்குள் குடியேறியவர்களைப் பொறுத்தவரை அதன் 100 வார்டுகளில்தான் இது முதலில் தெரியும். சில நூறு ஓட்டில் முடிகிற வார்டில் ஒரு லைன் வீடே போதும். மதுரைக்கு இது புதிதுமல்ல: நெசவோடு வந்து குடியேறிய சௌராஷ்டிர சமூகத்தின் என்.எம்.ஆர். சுப்பராமன் 1962-இல் இந்நகரின் எம்.பி. ஆனார்.

வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் சேர்க்க முடியாது. ஆட்சேபணைக்கு ஏழு நாள் விடவேண்டியிருப்பதால் அதற்குப் பத்து நாளுக்கு முன்பே மனுவைப் போட்டுவிடுங்கள். சந்தேகத்துக்கு 1950 என்ற உதவி எண்.