கொடைக்கானல் சுரங்கத் தொலைநோக்கி: சூரியக் காந்தப்புலத்தை அளந்த அனுபவம்

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் சுரங்கத் தொலைநோக்கியில் போலாரிமீட்டரை (ஒளி அலைகள் எந்தத் திசையில் அதிர்கின்றன என்பதை, அதாவது ஒளியின் தளவிளைவை, அளக்கும் கருவி) வைத்துக் கரும்புள்ளிகளின் காந்தப்புலத்தை அளப்பது சில ஆண்டுகளாக என் வேலை. புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே "எத்தனை காஸ் வரை துல்லியம் வரும்?" என்று கேட்பார்கள் (காஸ் என்பது காந்தப்புலத்தின் அலகு). எந்த இடத்தை, எந்த நேரத்தில் அளக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

கரும்புள்ளி என்றால் தயங்காமல் வரலாம். கோபுர உச்சியில் உள்ள 60 செ.மீ. கண்ணாடி வெயிலைப் பிடித்து, இன்னும் இரண்டு கண்ணாடிகள் வழியே நிலத்தடிச் சுரங்கத்துக்குள் அனுப்புகிறது. 38 செ.மீ. லென்ஸ், 36 மீட்டர் குவியத் தூரம். நிறமாலைக் கருவிக்குள் ஒளியை விடும் மெல்லிய பிளவின் மேல் விழும் சூரிய பிம்பமே சுமார் 34 செ.மீ. விட்டம்; பூமி அளவுள்ள புள்ளி அதில் 3 மி.மீ. இருக்கும். புள்ளியின் இருண்ட நடுப்பகுதியான கருநிழல் எது, அதைச் சுற்றிய மங்கலான புறநிழல் எது என்று கண்ணால் பார்த்தே பிளவை நகர்த்தி நிறுத்திவிடலாம். புறநிழலில் வளிமம் வெளிப்பக்கம் ஓடுவதை 1909இல் வானியலாளர் எவர்ஷெட் கண்டுபிடித்ததும் இந்த மலையில்தான்.

நான் அதிகம் நம்புவது, சூரிய நிறமாலையில் 6302.5 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) இடத்தில் இரும்பு அணுக்கள் உண்டாக்கும் கருங்கோட்டைத்தான். காந்தப்புலம் இப்படிப்பட்ட கோட்டைப் பல கூறுகளாகப் பிளக்கும்; இதுதான் சீமன் விளைவு. 2500 காஸ் புலத்தில் அதன் இரு ஓரச் சீமன் கூறுகளும் ஒன்றிலிருந்து ஒன்று ஏறத்தாழ 0.23 ஆங்ஸ்ட்ராம் விலகிவிடும். பெரிய புள்ளியின் நடுவில் கோடு பிளந்து நிற்பது திரையிலேயே தெரியும், எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. அதற்கு இரு பக்கமும் பூமிக் காற்றின் ஆக்சிஜன் கோடுகள் இரண்டு. அலைநீளத்தைச் சரிபார்க்க அவை போதும். இன்னொரு உதவியும் உண்டு: நம் காற்றில் உண்டான கோட்டில் வட்டத் தளவிளைவு (அதிர்வுத் திசை சுழன்றுகொண்டே வரும் வகை) தலைகாட்டினால், கருவியிலோ கணக்கிலோ கோளாறு என்று உடனே தெரிந்துவிடும்.

உண்மையான பாடு கண்ணாடிகளோடுதான். அலுமினியப் பூச்சில் ஒளி சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது தளவிளைவு இல்லாத ஒளியிலும் கொஞ்சம் ஏறிவிடும். வட்டத் தளவிளைவில் ஒரு பங்கு நேர்கோட்டுத் தளவிளைவாக மாறிவிடும். சூரியன் நகர நகரச் சாய்வும் மாறுவதால் காலை எட்டு மணிக் கணக்கு பதினோரு மணிக்குச் செல்லாது. முதல் வகைப் பிழையைக் கோடுகளுக்கு இடைப்பட்ட தொடர்நிறமாலையை வைத்துக் கழித்துவிடலாம். இரண்டாவதற்குக் கண்ணாடிகளின் ஒளியியல் மாதிரியைப் போட்டு, ஒவ்வொரு நேரத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். சுரங்கத்துக்குள் வைக்கும் அளவுத்திருத்தத் தகடுகள் போலாரிமீட்டரை மட்டுமே சரிபார்க்கும். மேலே உள்ள கண்ணாடிகளைப் பற்றி அவை எதுவும் சொல்லாது. புலத்தின் வலிமையோடு சாய்வும் திசையும் வேண்டுமென்றால் இந்த வேலையில் சுருக்குவழி கிடையாது.

காற்றின் நடுக்கம் இன்னொரு தலைவலி. ஒரே நொடியில் இரு எதிரெதிர்த் தளவிளைவுக் கற்றைகளையும் பதிவு செய்யும் இரட்டைக் கற்றை முறையில் அதன் பெரும்பங்கு அடிபட்டுப் போகிறது. ஒற்றைக் கற்றையில் எடுக்க வேண்டாம் என்பேன். ஜனவரி முதல் மார்ச் வரை, தரை சூடேறும் முன் காலையில் எடுங்கள்.

புள்ளிகள் இல்லாத அமைதிப் பகுதிகளின் மெல்லிய புலத்துக்கு இந்தத் தொலைநோக்கியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹவாயின் ஹலேயகலாவில் உள்ள 4 மீட்டர் தொலைநோக்கி போன்றவை அதற்குத்தான் இருக்கின்றன.

புள்ளியை எடுப்பவர்கள் 6563 ஹைட்ரஜன் ஆல்ஃபாவையும் 6569 இரும்புக் கோட்டையும் ஒரே பதிவில் சேர்த்து எடுத்துப் பாருங்கள். ஒன்று சூரிய வளிமண்டலத்தின் மேலடுக்கான நிறமண்டலத்தைக் காட்டும், மற்றது அதற்குக் கீழே நம் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பான ஒளிமண்டலத்தைக் காட்டும். ஆல்ஃபா கோடு அகலமானது, படிக்கச் சிரமம்தான். ஆனாலும் மேலே போகப் போகப் புலம் வலுவிழப்பது அதில் தெரிகிறது.