படைப்பாளர் கூட்டுறவுத் தளத்தில் சில வருஷம்: நிர்வாண ஓவியமும் கார்டு கம்பெனிகளும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படைப்பாளிகளே உரிமையாளர்களாக இருக்கும் சந்தாத் தளத்தில் தாராளமாகச் சேரலாம், நல்ல இடம்தான். ஆனால் 18+ முத்திரை விழக்கூடிய வேலைக்கு அங்கே கூடுதல் சுதந்திரம் இருக்கும் என்று நம்பிச் சேர வேண்டாம்.

நான் சென்னையில் இருக்கும் ஓவியன். விளம்பர ஏஜென்சிகளுக்கு ஸ்டோரிபோர்டு வரைவது பிழைப்பு. சொந்த வேலை என்றால், மாடலை உட்கார வைத்து சார்கோலில் வரையும் நிர்வாண ஸ்டடிகளும் அவற்றிலிருந்து வளரும் காமிக்ஸ் பக்கங்களும். மாதச் சந்தா கட்டிப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டில் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு பெரிய தளத்தில்தான் இருந்தேன். ஒரு நாள் என் பக்கம் ‘பரிசீலனையில்’ என்று மாறியது. எந்தப் படம், எந்த விதி, யார் பார்த்தது, எதுவும் தெரியாது. கேட்டு எழுதினால் முன்பு வந்த பதிலே மறுபடி வரும். அந்த எரிச்சலில்தான் வெளிநாட்டுக் கூட்டுறவு ஒன்றில் பங்குத்தொகை கட்டி உறுப்பினர் ஆனேன். சென்னை ஓவியனுக்குக் கூட்டுறவு ஒன்றும் புதுசில்லையே. 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கரோடு ஓவியர்கள் சேர்ந்து நிலம் வாங்கி, பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுச் செலவைச் சமாளித்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் நம் கண்முன்னே இருக்கிறது.

இங்கே ஆளுக்கு ஒரு ஓட்டு. தளம் எத்தனை சதவீதம் பிடிக்கலாம் என்பதை நாங்களே தீர்மானிக்கிறோம். வரவு செலவு எல்லோருக்கும் தெரியும். பொதுக்குழு மட்டும் அவர்கள் ஊர் நேரப்படி; நமக்கு நள்ளிரவு தாண்டிவிடும்.

அப்படி ஒரு நள்ளிரவில்தான் 18+ படைப்புகளை முழுமையாக அனுமதிக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மை சரி என்றது. அப்புறம் பொருளாளர் பேசினார். நிதானமான மனிதர், யாரையும் திட்டவில்லை. தளத்துக்காகப் பணம் வசூலிக்கும் பேமென்ட் கம்பெனியின் தடைப்பட்டியலை வரி வரியாக வாசித்துக் காட்டினார். அந்தக் கம்பெனிக்குப் பின்னால் ஒரு வங்கி, வங்கிக்குப் பின்னால் விசாவும் மாஸ்டர்கார்டும். 2020 டிசம்பரில் ஆபாச வீடியோத் தளமான போர்ன்ஹப்புக்கு இந்த இரண்டு கம்பெனிகளும் கதவை மூடின. 2021 அக்டோபர் 15 முதல் மாஸ்டர்கார்டு புது விதி கொண்டுவந்தது: படத்தில் இருப்பவர்களின் வயதுக்கும் சம்மதத்துக்கும் ஆவணம் வேண்டும், வெளியிடும் முன் பரிசோதனை வேண்டும், புகார் வந்தால் ஏழு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். அதே வருஷம் ஆகஸ்டில், சந்தாத் தளமான ஒன்லிஃபேன்ஸ் வங்கிகளைக் காரணம் காட்டி ஆபாசப் படைப்புகளைத் தடை செய்யப்போவதாகச் சொல்லி, ஒரே வாரத்துக்குள் பின்வாங்கியது. அவ்வளவு பெரிய வியாபாரத்துக்கே இந்தக் கதி.

வங்கிகளின் பயத்துக்கு ஒழுக்கம் மட்டும் காரணமில்லை. கார்டு ஸ்டேட்மெண்டை மனைவி பார்த்ததும் ‘இதை நான் வாங்கவே இல்லை’ என்று வங்கிக்கு போன் போடும் கணவன்மார் எல்லா நாட்டிலும் உண்டு. அப்படிப் பணம் திரும்பிப்போவது ஓர் அளவைத் தாண்டினால் அபராதம். கணக்கே மூடப்பட்டால் தளத்தின் பெயர் மாஸ்டர்கார்டு பராமரிக்கும் ‘மேட்ச்’ பட்டியலில் ஏறலாம். ஏறினால் 5 வருஷம் அதில் இருக்கும். அதற்குள் வேறு வங்கி கிடைப்பது குதிரைக்கொம்பு. ரிஸ்க் அதிகமான வியாபாரங்களுக்கென்றே இருக்கும் பேமென்ட் கம்பெனிகளிடம் போகலாம்தான். கமிஷன் கூடும், தனிப் பதிவுக் கட்டணமும் உண்டு. சமையல் குறிப்பு எழுதும் உறுப்பினரும் சேர்ந்து அதைச் சுமக்க வேண்டும். 2025 ஜூலையில், வீடியோ விளையாட்டுகள் விற்கும் தளமான இட்ச்.ஐஓ, பேமென்ட் கம்பெனிகளின் நெருக்கடியால் 18+ விளையாட்டுகளைத் தன் தேடலிலிருந்தே எடுத்தபோது, அந்தப் பொருளாளர் வாசித்த பட்டியல்தான் நினைவுக்கு வந்தது.

ஆக, ஓட்டில் ஜெயித்த தீர்மானம் ஏட்டோடு நின்றது. நிர்வாணக் கலைக்கு இடம் உண்டு, வெளிப்படையான உடலுறவுக் காட்சிக்கு இல்லை என்பது சமரசம். காமிக்ஸில் பாதிப் பக்கங்கள் எனக்கு அதில் போயின.

பெரிய தளத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதற்கு அப்புறம்தான் தெரிந்தது. உறுப்பினர்களே முறை வைத்துப் படங்களைப் பார்க்கிறார்கள். என் படம் ஒன்று திரும்பி வந்தபோது எந்தப் படம், எந்த வரி, பார்த்தவருக்கு என்ன சந்தேகம் என்று எழுத்தில் வந்தது. இரண்டாவது ஆள் பார்க்கட்டும் என்றேன். பார்த்தார், படம் மறுபடி ஏறியது. இந்த ஒன்றுக்காகவே நான் இன்னும் அங்கே இருக்கிறேன்.

மாடல் விஷயத்தில் மட்டும் தீர்வே இல்லை. ஓவியமாக இருக்கும் வரை ஆவணம் யாரும் கேட்கவில்லை. வரையும் முறையை வீடியோவாகப் போட்டால் மாடல் அதில் தெரிகிறார், உடனே அடையாளச் சான்று வேண்டும். எங்களுக்கு உட்காரும் அக்காவிடம், “ஆதார் ஒரு காப்பி வேணும்க்கா” என்றேன். “எதுக்குத் தம்பி?” என்றார். விளக்கினேன். சேலையைச் சரிசெய்துகொண்டே, “நான் இந்த வேலைக்கு வர்றது என் மருமகளுக்கே தெரியாது, ஃபாரின்காரனுக்கு என் ஆதார் எதுக்கு?” என்றார். வாஸ்தவம்தானே. சம்மதமில்லாமல் ஒருவரைப் படமெடுக்கக் கூடாது என்பதற்காக வந்த விதி, சம்மதத்தோடு வருபவரை அடையாளம் காட்டச் சொல்கிறது. வீடியோ போடுவதை விட்டுவிட்டேன்.

இந்தியாவில் இருப்பதால் வரும் தலைவலி தனி. ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பணப்பிடித்தம் பற்றிய விதி 2021 அக்டோபரில் அமலானது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் ஒவ்வொரு முறையும் ஓடிபி. 2022இல் அந்த வரம்பு 15,000 ஆனது. என் சந்தா சில நூறு ரூபாய்தான், வரம்பு பிரச்சினையே இல்லை. ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள் வராத வெளிநாட்டுத் தளம் கேட்டால் நம் கார்டுகள் மறுத்துவிடுகின்றன. பேபால் உள்நாட்டுப் பரிமாற்றத்தை 2021 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. வெளிநாட்டுப் பணம் மட்டும் அதில் வரும். நம்மூர் வாசகர்கள் ஜிபேயில் அனுப்பிவிட்டு வாட்ஸ்அப்பில் ஸ்க்ரீன்ஷாட் போடுகிறார்கள், நான் கோப்பை அனுப்புகிறேன். டிஜிட்டல் யுகம்!

சட்டத்தையும் மறக்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் ஆபாசத்தைத் தடுக்கும் 67, 67ஏ பிரிவுகள் மின்னணு வெளியீட்டுக்குப் பொருந்தும். 67ஏ-யில் முதல் முறையே 5 வருஷம் வரை சிறையும் 10 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். தளத்தின் விதி தளர்வாக இருப்பதால் இங்கிருந்து ஏற்றுபவருக்கு அதில் விலக்கு கிடையாது.

சேர நினைப்பவர்கள் தளத்தின் கொள்கை அறிக்கைக்கு முன் அது எந்த பேமென்ட் கம்பெனியை நம்பியிருக்கிறது, அந்தக் கம்பெனியின் தடைப்பட்டியலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விலகினால் பங்குத்தொகை திரும்ப வருமா என்று கேளுங்கள். சின்னக் கூட்டுறவுகள் நீடிப்பது சுலபமில்லை. இசைக்கலைஞர்களுக்கான ஆம்பிள்ட் இப்போது இல்லை. நான் மாதக் கடைசியில் சந்தாதாரர்களின் மின்னஞ்சல் பட்டியலை இறக்கி வைத்துக்கொள்கிறேன். அந்த வசதி இல்லாத தளமாக இருந்தால், கூட்டுறவே ஆனாலும் சேர மாட்டேன்.