உறவினர் கிளம்பிய பிறகு: பழையபடியா, சும்மாவா, புதிதாகவா?

திருமணமான மூன்றாவது மாதம் என் நாத்தனார் குடும்பம் எங்களோடு தங்க வந்தது. அவர்கள் தங்கள் வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான்கு மாதத்தில் முடியும் என்ற வேலை பத்து மாதம் இழுத்தது. அண்ணி, அவர் கணவர், இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர் என்று இரண்டு படுக்கையறை வீட்டில் ஆறு பேர். யாரும் யாரையும் புண்படுத்தவில்லை. ஆனாலும் அவர்கள் கிளம்பிய இரவு நானும் என் கணவரும் எங்கள் அறைக்குள் கிசுகிசுவென்றுதான் பேசிக்கொண்டோம். கேட்க ஆளில்லை என்பது உறைக்க இரண்டு நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். இப்படித் தனியாக விடப்படுகிற புதுத் தம்பதிகள் பெரும்பாலும் மூன்றில் ஒரு வழியில் போகிறார்கள். வீட்டை உடனே பழையபடி ஆக்கிவிடுவது ஒன்று. கொஞ்ச நாள் எதையும் தொடாமல் சும்மா இருப்பது இன்னொன்று. உட்கார்ந்து பேசி எல்லாவற்றையும் புதிதாக வகுத்துக்கொள்வது மூன்றாவது. நாங்கள் மூன்றையும் செய்தோம், ஆனால் வரிசை தவறி. அதனால் ஒவ்வொன்றும் என்ன தரும், எங்கே கவிழ்க்கும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க என்னால் முடியும் என்று நினைக்கிறேன்.

பழையபடி ஆக்குவது

நான் இதில்தான் இறங்கினேன். அவர்கள் போன மறுநாளே கட்டிலை நகர்த்தினேன், அலமாரியைக் காலி செய்தேன், ஹாலில் மடித்து வைத்திருந்த பாய்களைப் பரணில் ஏற்றினேன். சாயங்காலத்துக்குள் வீடு நாங்கள் குடிவந்த நாளில் இருந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த நிம்மதி பொய்யில்லை. 2010இல் டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெப்பெட்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களில் 60 பேரைத் தங்கள் வீட்டைச் சுற்றிக்காட்டிப் பேசச் சொன்னார்கள். வீடு இறைந்து கிடக்கிறது, வேலை பாக்கி கிடக்கிறது என்ற தொனியில் பேசிய மனைவிமாருக்கு, காலையிலிருந்து இரவுக்குள் இறங்க வேண்டிய கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு சரியாக இறங்கவில்லை. எது எதற்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இறைந்து கிடக்கும் வீடு மனதை உறுத்துகிறது என்று சொல்கிறவர்களை, இதெல்லாம் ஒரு விஷயமா என்று தள்ளிவிட முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சுவரில் பெரிய பிள்ளை ஒட்டி வைத்திருந்த ஒரு படத்தையும் நான் எடுத்துவிட்டேன். ஆறு பேர் கைகோத்து நிற்கிற படம். என் கணவர் வேலையிலிருந்து வந்து சுவரைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாவது நாள் வேறு ஏதோ ஒரு சின்னப் பேச்சுக்கு நடுவில் வெடித்தது. "அவங்க போறதுக்குன்னே காத்துட்டிருந்த மாதிரி அன்னைக்கே எல்லாத்தையும் துடைச்சு எடுத்துட்டியே" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துப்போயிற்று. எனக்கு அது மூச்சுவிடக் கிடைத்த இடம். அவருக்கு அது அக்காவும் பிள்ளைகளும் இல்லாத முதல் வாரம்.

உறவினர் யார் பக்கத்தவரோ அவருக்குப் பிரிவும், மற்றவருக்கு விடுதலையும் ஒரே நாளில் வருகின்றன. பழையபடி ஆக்கும் வேகத்தில் இது கண்ணில் படாது. என் பெற்றோர் பத்து மாதம் இருந்துவிட்டுப் போய், அவர் மறுநாளே கட்டிலை நகர்த்தியிருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன் என்று பிறகுதான் யோசித்தேன்.

புதுத் தம்பதிகளுக்கு இந்த வழியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. திரும்பிப் போக 'பழையபடி' என்று ஒன்று இருந்ததா? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி குழு 96 பேரிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. தினமும் செய்கிற ஒரு செயல் யோசிக்காமலே வரும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளைப் பொறுத்தும் செயலைப் பொறுத்தும் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். உறவினர் வருவதற்கு முன் எங்களுக்குக் கிடைத்தது எழுபது சொச்சம் நாள். அவர்களோடு இருந்தது ஏறத்தாழ 300 நாள். எங்கள் குடித்தனத்தின் பழக்கங்கள் எல்லாம் அந்த 300 நாளில்தான் வேர் பிடித்தன. குளியலறைக்காக ஐந்து மணிக்கே எழுவது, பணத்தைப் பற்றி வெளியே நடக்கப் போகும்போது மட்டும் பேசுவது, கோபம் வந்தால் முகத்தில் காட்டாமல் விழுங்கிவிடுவது. கட்டிலை நகர்த்தினால் இவை நகராது.

கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பத்து மாதமும் நாங்கள் சண்டையே போடாததை நாங்கள் பொருத்தமான ஜோடி என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டிருந்தேன். பார்க்க ஆள் இருந்ததால் போடவில்லை, அவ்வளவுதான். வீடு காலியான முதல் மாதத்தில் சண்டை வந்தால், ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். மூன்றாவது மாதமே வந்திருக்க வேண்டிய சண்டைகள் தாமதமாக வருகின்றன.

சும்மா இருப்பது

அந்தச் சண்டைக்குப் பிறகு நாங்கள் எதையும் தொடவில்லை. முடிவெடுத்து அல்ல, அலுத்துப்போய். படத்தை அவர் திரும்ப ஒட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வழிக்கு உண்மையான பலன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கினோம். யாருக்கு எப்போது பசிக்கிறதோ அப்போது சாப்பிட்டோம். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ அவர் அடுத்த அறையிலிருந்து சத்தமாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், நானும் சத்தமாகவே பதில் சொன்னேன். பத்து மாதம் கழித்து நடந்தது அது. தம்பதிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ஜான் காட்மன் இப்படிப்பட்ட சின்ன அழைப்புகளைத்தான் எண்ணினார். ஒருவர் எதையாவது காட்டுவார், கேட்பார், பெருமூச்சு விடுவார், மற்றவர் அதற்குத் திரும்புகிறாரா இல்லையா என்பதுதான் கணக்கு. ஆறு ஆண்டு கழித்தும் சேர்ந்திருந்த தம்பதிகள் புதுமணக் காலத்தில் 100க்கு 86 அழைப்புகளுக்குத் திரும்பியிருந்தார்கள். பிரிந்தவர்கள் திரும்பியது 33க்கு மட்டும். கூட்டமான வீட்டில் இந்த அழைப்புகள்தான் முதலில் காணாமல்போகும். சும்மா இருக்கும் நாட்களில் அவை தாமாகத் திரும்பி வருகின்றன. இதற்காகவே இந்த வழியைத் தவிர்க்கக் கூடாது என்பேன்.

ஆனால் நீட்டினால் இது மூன்றிலும் ஆபத்தானது. நாங்கள் நீட்டினோம். ஆறு பேர் வீட்டில் அண்ணி எத்தனை விஷயங்களை மனதில் வைத்திருந்தார் என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது. எந்த பில் எந்தத் தேதியில் கட்ட வேண்டும், எது தீரப்போகிறது, எந்தக் குழாய் கசிகிறது, எப்போது யாரைக் கூப்பிட வேண்டும். இவை எல்லாம் யாரும் கொடுக்காமல், யாரும் கேட்காமல் என் தலையில் வந்து உட்கார்ந்தன. என் கணவர் எதையும் என் மேல் தள்ளிவிடவில்லை. ஒழுங்கீனத்தைப் பொறுத்துக்கொள்ளும் சக்தி எனக்குக் குறைவு, அதனால் நான் முதலில் எழுந்தேன். இரண்டு பேரில் யாருக்கு அது குறைவோ அவரிடம் வேலை போய்ச் சேரும். அப்படிச் சேர்ந்ததை மூன்று மாதம் கழித்து வாங்குவது கடினம். சும்மா இருந்த நாட்களிலும் பழக்கம் உருவாகிக்கொண்டுதான் இருந்தது. அது நாங்கள் தேர்ந்தெடுத்த பழக்கமாக இல்லை, அவ்வளவுதான். ராத்திரி அவர் ஒரு அறையில் போனோடும் நான் இன்னொரு அறையில் போனோடும் இருப்பதும் அந்த வாரங்களில்தான் தொடங்கியது. இரண்டு அறை கிடைத்துவிட்டதல்லவா!

எத்தனை நாள் சும்மா இருக்கலாம்? 2016இல் பாஸ் வெர்ப்ளாங்கன், டெபோரா ராய் இருவரும் 800 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று நினைவுக்கு வருகிறது. அவர்களில் பாதிப் பேர் அண்மையில் வீடு மாறியவர்கள். புதிய பழக்கங்களை ஏற்பதில் அவர்கள் மற்றவர்களைவிட முன்னால் இருந்தார்கள், ஆனால் அந்த வாய்ப்பு வீடு மாறி ஏறத்தாழ மூன்று மாதம் வரைதான் திறந்திருந்தது. அது சுற்றுச்சூழல் சார்ந்த பழக்கங்களைப் பற்றிய ஆய்வு, உறவினர் கிளம்புவது வீடு மாறுவதும் அல்ல. இருந்தாலும் ஆறு பேர் வீடு இரண்டு பேர் வீடாவது கிட்டத்தட்ட வேறு வீட்டுக்குப் போவது போலத்தான். என் கணக்கில் பத்து நாள் சும்மா இருப்பது போதும். மூன்று மாதம் ஆகிவிட்டால் களிமண் காய்ந்துவிடுகிறது.

புதிதாக வகுத்துக்கொள்வது

இதை முதலிலேயே செய்த தோழி ஒருத்தி உண்டு. அவள் வீட்டில் மாமனார் மாமியார் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போனார்கள். போன அன்றே அவளும் கணவரும் ஒரு தாளில் கட்டம் போட்டு, நாள்வாரியாக வேலைகளைப் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டினார்கள். மூன்றாவது வாரத்தில் அந்தத் தாள் ஒருவரையொருவர் குற்றம் சொல்லப் பயன்படும் ஆதாரமாகிவிட்டது. களைப்பு தீராமல், துக்கம் ஆறாமல் போட்ட கணக்கு அது. இன்னொரு காரணமும் இருந்தது. கட்டத்தில் துவைப்பது, பெருக்குவது எல்லாம் இருந்தன. சோப்பு தீருகிறது என்று கவனிப்பது இல்லை.

சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளிடம் பேசி 2019இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பிரித்துக் காட்டுகிறது. தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, முடிந்ததா என்று கண்காணிப்பது என்று கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு நான்கு கட்டங்கள். முடிவெடுப்பதில் இருவரும் சேர்ந்திருந்தார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் மனைவியிடம் இருந்தன. எங்கள் வீட்டில் நடந்ததும் அப்படியே.

அதனால் இந்த வழிக்குள்ளேயே இரண்டு முறைகளை ஒப்பிட வேண்டியிருக்கிறது. முறை வைத்து இன்று நீ, நாளை நான் என்று செய்வது ஒன்று. ஒரு வேலையை நினைப்பதிலிருந்து முடிப்பது வரை ஒருவரிடமே விட்டுவிடுவது மற்றொன்று. முறை வைப்பது பார்க்க நியாயமாக இருக்கும், ஆனால் யார் முறை என்பதை நினைவில் வைக்கிற வேலை ஒருவருக்கே போகும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பில்கள் எல்லாம் அவருடையவை என்றால் தேதியும் அவருடையது. நான் நினைவூட்ட மாட்டேன். முதல் மாதம் ஒன்று தவறியது, அபராதம் கட்டினோம். நான் வாயைத் திறக்கவில்லை, அது எனக்கு எளிதாக இல்லை. அதற்குப் பிறகு ஒன்றும் தவறவில்லை.

பேச உட்காரும் முன் ஒரு காரியம் செய்தால் பேச்சே மாறிவிடும். இருவரும் தனித்தனித் தாளில், ஒவ்வொரு வேலையிலும் தன் பங்கு எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி இருவரும் 37 தம்பதிகளிடம் இதைப் போலக் கேட்டு 1979இல் வெளியிட்டார்கள். 20 வேலைகளில் 16இல், இருவர் சொன்ன பங்கையும் கூட்டினால் முழுமையைத் தாண்டியது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. தான் செய்தது தனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது, மற்றவர் செய்தது பாதி கண்ணிலேயே படவில்லை. நாங்கள் எட்டு வேலைகளுக்கு எழுதிப் பார்த்தோம். ஆறில் நூறைத் தாண்டியது. அவர் தாளைப் பார்த்து, "ராத்திரி கதவெல்லாம் பூட்டி கேஸை மூடுறது நான்தான்னு உனக்குத் தெரியவே தெரியாதா?" என்றார். தெரியாது. தினமும் அதற்கு முன்பே நான் தூங்கிப்போயிருப்பேன்.

அறையும் சாவியும்

காலியான அறை தனிக் கேள்வி. விருந்தினர் அறையாக அப்படியே வைக்கலாம், ஒருவருக்கு வேலை செய்யும் அறையாகக் கொடுக்கலாம், இருவரும் புழங்கும் இடமாக்கலாம். எதைச் செய்தாலும் சரி, பெயரை மாற்றுங்கள். அவர் அதை 'அக்கா ரூம்' என்றும் நான் 'அண்ணி ரூம்' என்றும் சொல்லிக்கொண்டிருந்த வரை அதற்குள் போய் உட்காரவே இருவருக்கும் தோன்றவில்லை. ஒருவருக்கு மட்டும் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். போனோடு தனித்தனி அறையில் இருந்த வாரங்களைப் பார்த்தவள் நான்.

மாற்றுச் சாவி அவர்களிடம் இருந்தால், திருப்பிக் கேட்பதா விடுவதா என்பதை அவர்களின் இரத்த உறவு யாரோ அவரே முடிவு செய்து, அவரே பேசட்டும். அண்ணியிடம் நான் கேட்டிருந்தால் அது விரட்டுவது போல ஆகியிருக்கும். அவர் போனில் கேட்டார், அண்ணி அடுத்த முறை வரும்போது மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றையும் வைத்துப் பார்த்தால், உறவினர் இரண்டு மூன்று வாரம் மட்டும் தங்கியிருந்தால் பழையபடி ஆக்குவதே போதும், பேச்சுவார்த்தை தேவையில்லை. பல மாதம் தங்கியிருந்தால் பத்து நாள் சும்மா இருங்கள், அப்புறம் தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், கட்டிலை அதற்கும் பிறகு நகர்த்துங்கள். யாருடைய உறவினர் போனார்களோ அவர் கையால் நகர்த்தட்டும்.

படம் இப்போது சுவரில் இல்லை. அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. அந்த இடத்தைத் தேடிச் சொன்னது அவர், நான்கு மூலையிலும் டேப் ஒட்டியது நான்.